வளவின் மண்ணை அறிதல்



புரட்டாதி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களிலே ஒரு புதிய சுறுசுறுப்பு உண்டாகின்றது. கோடையிலே காய்ந்து கிடந்த வளவுகளைத் துப்புரவு செய்கின்றோம். ஐப்பசி மழைக்கு முன்னே குழி வெட்டவேண்டும், கன்று வாங்கவேண்டும், கத்தரி மிளகாய் நாற்று மேடை போடவேண்டும் என்று வீட்டிலுள்ளோர் பேசிக்கொள்கின்றனர். சந்தையிலே கன்றுகளின் விலையை விசாரிக்கின்றோம். எந்த இனம் நல்ல இனம் என்று கேட்கின்றோம். ஆயினும், அந்தக் கன்று எந்த மண்ணிலே வேரூன்றப் போகின்றது என்பதைப் பற்றி நம்மில் எத்தனைபேர் சிந்திக்கின்றோம்? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஓர் உதாரணம் சொல்லுகின்றேன். ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டிய மூன்று கறுத்தக்கொழும்பான் மாங்கன்றுகளை உடன்பிறந்த சகோதரிகள் மூவர் வாங்கிச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் கோண்டாவிலிலே வாழ்க்கைப்பட்டவர். நடுவிலார் கொடிகாமத்தில் இருப்பவர். இளையவர் புங்குடுதீவைச் சேர்ந்தவர். மூவரும் ஒரே அளவு குழி வெட்டி, ஒரே அளவு எரு இட்டு, ஒரே நாளில் நடுகின்றனர். ஐந்து ஆண்டின் பின்னர் மூன்று மரங்களும் ஒரேவிதமாக இருக்குமா? இராது. கோண்டாவிற் செம்மண்ணிலே நின்ற கன்று தழைத்திருக்கும். கொடிகாமத்து மணலிலே நின்றது, முதலிரண்டு கோடைகளிலும் அடிக்கடி நீர் வார்த்திருந்தால் நன்றாக நிற்கும். வாரம் ஒருமுறை மாத்திரம் வார்த்திருந்தால் வாடியிருக்கும். புங்குடுதீவிலோ, குழியின் அடியிற் கல் இருந்ததா, கிணற்று நீர் உவர்ப்பானதா என்பவற்றைப் பொறுத்தே அதன் கதி அமைந்திருக்கும். கன்று ஒன்றுதான், கையும் ஒன்றுதான், மண்தான் வேறு.

மண் என்பது கன்றை நிமிர்த்திப் பிடித்து நிற்கும் வெறும் பொருளன்று. நல்ல தோட்ட மண்ணை எடுத்து ஆராய்ந்தால் அதன் பருமனிலே ஏறக்குறைய பாதிதான் திண்பொருளாக இருக்கும். மற்றப் பாதி இடைவெளி. அவ்விடைவெளியிலே நீரும் காற்றும் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. வேருக்கு நீர் வேண்டும். அதுபோலவே மூச்சுக்குக் காற்றும் வேண்டும். மணலிலே காற்று மிகுதி, நீர் தங்காது. களியிலே நீர் தங்கும், காற்றுக் குறைவு. இவ்விரண்டுக்கும் நடுவே சமன் செய்வது மக்கிய இலை குழைகளும் எருவுமாகிய சேதனப் பொருளே. ஒரு மண்ணை அறிதல் என்றால், அதன் துணிக்கைகள் பருமையானவையா நுண்ணியவையா, அது எவ்வளவு ஆழமானது, நீரை எப்படிக் கடத்துகின்றது, அதில் உப்போ சுண்ணாம்போ மிகுந்துள்ளதா என்ற நான்கையும் அறிதலேயாகும்.

நம் நாடு சிறிய நாடு. ஆயினும் அதன் மண்வகைகள் பல. 1961 ஆம் ஆண்டிலே மூர்மன், பானபொக்க என்னும் அறிஞர் இருவரும் இலங்கையின் மண்களை ஆராய்ந்து வகுத்து வெளியிட்ட கட்டுரை இன்றுவரை நம் மண்ணியலுக்கு அடிப்படையாக விளங்குகின்றது. அவ்வகைகள் அனைத்தையும் இங்கே விரிக்க நேரமில்லை. நம் நேயர்களுட் பெரும்பாலார் வாழும் பகுதிகளை மாத்திரம் ஒருமுறை சுற்றிவருவோம்.

முதலிலே வலிகாமத்துச் செம்பாடு. உரும்பிராய், கோப்பாய், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களின் செந்நிலத்தைக் காணாத யாழ்ப்பாணத்தார் இல்லை. அந்தச் செந்நிறம் இரும்பின் துரு தந்த நிறம். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். இம்மண்ணிலே களித் துணிக்கைகள் கணிசமாக இருந்தாலும், அவை ஈரத்தில் வீங்கி வெயிலில் வெடிக்கும் இனத்தைச் சேர்ந்தவையல்ல. ஆதலால் மழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்துக்குள் நீர் வடிந்துவிடும். மறுநாளே மண்வெட்டி பிடிக்கலாம். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரவள்ளி, இராசவள்ளி, முந்திரிகை என்று எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் மண் இது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, இதிலே சேதனப் பொருள் குறைவு. நம் வெப்பத்திலே இட்ட குழையும் எருவும் விரைவில் எரிந்து போகின்றன. மற்றையது, நீர் விரைவாக இறங்குவது போலவே நீரிற் கரைந்த பசளையும் விரைவாக இறங்கிவிடும். இந்த இரண்டாவது குறைபற்றிப் பின்னர் சிறிது விரிவாகவே சொல்லவேண்டியிருக்கின்றது.

அடுத்து மணற்பாங்கான நிலம். தென்மராட்சியின் பெரும்பகுதி, பளை, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பின் கடற்கரை ஊர்கள் ஆகியவை இவ்வகையின. தென்னையும் பனையும் இங்கே தம் இயல்பான வீட்டிலே நிற்கின்றன. நிலக்கடலை, மரமுந்திரிகை, மரவள்ளி முதலியனவும் இம்மண்ணுக்கு இசைந்தவை. மணலிலே தோட்டஞ் செய்வோன் ஒரு விதியை மறக்கக்கூடாது. நீரையும் பசளையையும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கவேண்டும். ஒரேநாளில் நிறைய வார்த்த நீர் வேரைக் கடந்து கீழே சென்றுவிடும்.

மூன்றாவது உவர்நிலம். கடனீரேரிகளை அண்டிய தாழ்நிலங்களிலும் தீவுப்பகுதிகளிலும் இதனைக் காணலாம். கோடையிலே மண்ணின் மேல் வெண்மையாகப் பூத்து நிற்பது உப்பு. நீர் ஆவியாகி மேலே செல்ல, அது சுமந்துவந்த உப்பு மண்ணின் முகத்திலே தங்கிவிடுகின்றது. உமரி தானாக முளைத்து நிற்கும் இடத்திலே வெங்காயமும் அவரையும் வைத்துப் பார்ப்பது வீண் முயற்சி. அவ்விரண்டும் உப்புக்கு மிக அஞ்சுபவை. பீற்றூட் ஓரளவு தாங்கும், சப்போட்டா தாங்கும், வேலியிலே பூவரசு தாங்கும். மழைநீரைச் சிறு வரம்பு கட்டி மறித்து மண்ணிலே இறங்கவிட்டால் உப்பு அதனோடு கீழே செல்லும். எனவே உவர்நிலத்தார்க்கு மாரிமழையே முதல் மருந்து. தீவுகளிலே மண்ணின் ஆழமும் குறைவு. நெடுந்தீவிலே வேலிக்குப் பதிலாகக் கல்லடுக்கி எழுப்பிய மதில்களைக் கண்டிருப்பீர்கள். கல் நிறைந்த நிலத்திலே கையிற் கிடைத்ததைக் கொண்டே எல்லை அமைத்துக்கொண்ட மக்களின் அறிவுக்கு அவை சாட்சி.

வன்னிப் பெருநிலத்துக்குச் சென்றால் காட்சி மாறுகின்றது. அங்கே மேட்டிலே செங்கபில மண். பள்ளத்திலே நீர் தங்கும் சாம்பல் மண். நம் முன்னோர் பள்ளத்தை வயலாகவும் மேட்டை மேட்டுப்பயிருக்கும் குடியிருப்புக்கும் வகுத்துக்கொண்டது மண்ணறிவின் பயனேயாம். இந்த மேட்டு மண் காய்ந்தாற் கல், நனைந்தாற் பிசின். இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களிலேதான் அதைப் பண்படுத்த முடியும். அந்தப் பதத்தைத் தவறவிட்டவன் ஒரு போகத்தையே தவறவிட்டவனாவான். மன்னார்ப் பக்கத்திலே முருங்கன் அருகே கரிய களிமண் உண்டு. கோடையிலே கை நுழையுமளவுக்கு வெடிக்கும். மாரியிலே வீங்கி அவ்வெடிப்புகளை மூடிக்கொள்ளும். நெல்லுக்கு அது பொன்விளையும் பூமி. பழமரங்களுக்கோ, விரிந்து சுருங்கும் அந்த மண் வேர்களை அறுத்துவிடும். அங்கே வீட்டுத்தோட்டஞ் செய்வோர் மேட்டுப்பாத்தி கட்டியே மரக்கறி வைக்கவேண்டும்.

மலையகத்து நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மண் அமில மண். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கழுவிச் சென்றுவிட்டது. தேயிலை அமிலத்தை விரும்பும் செடி. ஆதலால் அது செழிக்கின்றது. கோவாவும் கரட்டும் வைக்கும்போது, மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவு சுண்ணாம்போ தொலமைற்றோ இடுதல் நன்று. அதே சுண்ணாம்பை யாழ்ப்பாணத்திலே ஒருவர் கேட்டுவந்து தம் வளவில் இட்டால் என்ன ஆகும்? சுண்ணாம்புக்கல்லின் மேலேயே வாழ்பவருக்குச் சுண்ணாம்பு எதற்கு? மண்ணின் காரம் மிகுந்து, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமற் போகும். இளங்கொழுந்து மஞ்சளாகி, நரம்புமட்டும் பச்சையாகத் தோன்றும். அதைக் கண்டு பசளை போதாது என்று எண்ணி மேலும் மேலும் யூரியா இடுவோரும் உண்டு. நுவரெலியாவிலே மருந்தாக இருப்பது சுன்னாகத்திலே நோயாகின்றது. ஓர் ஊரின் அறிவுரையை மற்றோர் ஊருக்கு அப்படியே கொண்டு செல்லலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சரி, நம் வளவு மண்ணை நாமே எப்படி அறிவது? அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மண்வெட்டி, அலவாங்கு, ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு வாளி நீர், அடுப்படியிலுள்ள வினாகிரி ஆகியவை போதும்.

முதலாவதாக, வெட்டிப் பாருங்கள். மரம் வைக்கப்போகும் இடத்திலே 3 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். இதன் அருமையை நான் அறிந்தது ஒரு தேசி மரத்தினாலே. என் சிறுவயதிலே எங்கள் வளவின் கிணற்றடிக்கு அப்பால் ஒரு தேசிக்கன்று வைத்தோம். ஒன்றரை அடிக்குக் கீழே கல் வந்தது. அந்த அளவு போதும் என்று செம்மண்ணும் எருவும் இட்டு நட்டுவிட்டோம். இரண்டு ஆண்டு கன்று கண்ணைப் பறிக்கும்படி வளர்ந்தது. மூன்றாம் ஆண்டிலே நின்றுவிட்டது. நான்காம் ஆண்டு மாரியிலே இலை பழுத்துக் கொட்டியது. தகப்பனார் அதைத் தோண்டி எடுத்தபோது, வேர்கள் சட்டியிலே வைத்த செடியின் வேர்போலக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. கற்குழியிலே மாரிநீரும் வடியாமல் நின்றிருந்தது. “தம்பி, கன்றிலே பிழையில்லை, நாங்கள் அதைக் கிடாரத்துக்குள் அல்லவா நட்டிருக்கின்றோம்” என்றார் அவர். பின்னர் அதே இடத்திலே அலவாங்கினாலே கல்லை உடைத்து, கீழே நீர் இறங்க வழிசெய்து, அடுத்த கன்றை வைத்தார். அரைநாள் வேலை அது. அந்த அரைநாளை முதலிலேயே செலவிட்டிருந்தால் நான்கு ஆண்டு வீணாகியிராது.

இரண்டாவதாக, பிடித்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசையுங்கள். உருண்டை பிடிக்கும்போதே உதிர்ந்தால் அது மணல். உருண்டையாகி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தள்ளும்போது நாடாவாக நீளாமல் உடைந்தால் அது இருவாட்டி மண், தோட்டத்துக்கு உகந்தது. 2 அங்குலத்துக்கு மேலாக நாடாபோல் நீண்டு வந்தால் அது களி.

மூன்றாவதாக, கரைத்துப் பாருங்கள். போத்தலிலே மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியிலே படிவது மணல். சில மணி நேரத்துள் அதன்மேற் படிவது வண்டல். ஒருநாளோ அதற்கு மேலோ கழிந்து படிவது களி. மூன்று படைகளின் உயரத்தையும் ஓர் அடிமட்டத்தால் அளந்தால் உங்கள் மண்ணின் உடல் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இதனைச் செய்வியுங்கள். பாடமாகவும் அமையும்.

நான்காவதாக, நீர் விட்டுப் பாருங்கள். 1 அடி அகலமும் 1 அடி ஆழமுமான குழியை நீரால் நிரப்பி வடியவிடுங்கள். மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகின்றது என்று அளவுங்கள். 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் நன்று. அதனிற் குறைந்தால் மேட்டுப்பாத்தி வேண்டும். மிகவும் கூடுதலாக இறங்கினால் எருவும் மூடாக்கும் வேண்டும். நீரைச் சிறுகச் சிறுகக் கொடுக்கவும் வேண்டும்.

ஐந்தாவதாக, காய்ந்த மண்ணிலே சிறிது வினாகிரியை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைந்த மண் என்பது தெளிவு. அங்கே சாம்பலையும் சுண்ணாம்பையும் மேலும் கொட்டவேண்டா.

இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை. மண்ணிலுள்ள சத்துக்களின் அளவை அறிய ஆய்வுகூடமே வேண்டும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகினால் மண்ணை எங்கே கொடுப்பது என்று சொல்லுவார். மாதிரி எடுப்பதிலே கவனம் வேண்டும். ஒரே இடத்திலே ஒரு கைப்பிடி அள்ளிச் செல்வதாற் பயனில்லை. காணியிலே எட்டுப் பத்து இடங்களிலே, மேலிருந்து 6 அங்குலம்வரை சம அளவாக வெட்டி எடுத்து, கடகத்தில் இட்டுக் கலந்து, நிழலிலே உலர்த்தி, அதிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோ எடுத்துச் செல்லுங்கள். எருக்கும்பி இருந்த இடம், வேலியோரம், அண்மையிற் பசளை இட்ட பாத்தி ஆகியவற்றை விலக்கிவிடுங்கள்.

இனி, மண்ணை அறிந்தபின் செய்யவேண்டியது என்ன? மணலோ களியோ செம்பாடோ, எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து சேதனப் பொருளே. மணலிலே அது நீரைப் பிடித்துவைக்கும். களியிலே காற்றுக்கு வழி திறக்கும். நம் கமக்காரர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வேலிப் பூவரசங் குழையும் முள்முருக்கங் குழையும் வெட்டித் தாழ்த்தனர். கூரையிலிருந்து கழித்த பழைய பனையோலையைப் பாத்தியிலே புதைத்தனர். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தனர். கடலோரத்தார் அலை ஒதுக்கிய சாதாழையை மழையிலே உப்புக் கழியவிட்டு எருவாக்கினர். இன்று வேலிகள் மதில்களாகிவிட்டன, ஓலைக்கூரைகள் மறைந்துவிட்டன. ஆயினும் முற்றத்திலே கூட்டிய சருகு இன்னும் இருக்கின்றது. அதற்கு நெருப்பு வைக்கின்றோமே, அது நம் மண்ணின் உணவுக்கு வைக்கும் நெருப்பாகும். ஒரு மூலையிலே குவித்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால் சில மாதத்திலே கூட்டெரு கிடைக்கும். மழைவிட்ட பின்னர் மரத்தின் அடியைச் சருகாலும் ஓலையாலும் மூடிவைத்தால் கோடையிலே ஈரம் நிற்கும்.

செம்பாட்டு மண்ணின் இரண்டாவது குறையைப் பற்றிப் பின்னர் சொல்வேன் என்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆண்டிலே சில மாதங்கள் பெய்யும் மழை மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே சேர்கின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரை அமிழ்த்தி வைத்திருக்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. அப்படியாயின், மேலே 1 அடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உப்பு எவ்வளவு மேலெழும் என்று எண்ணிப் பாருங்கள். துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

உப்பு மட்டுமன்று. வெங்காயப் பாத்திக்கு வேண்டியதற்கு மேலாக நாம் இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறி, நீருடன் அந்தச் செம்மண்ணைக் கடந்து, கல்வெடிப்பு வழியாக நம் கிணற்றுக்கே வந்து சேர்கின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது வருகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை, 1 லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றிலே இவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டுள்ளனர். அத்தகைய நீரிலே பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதையும் தாய்மார் அறிந்திருத்தல் வேண்டும். பாத்திக்கு இட்டது பிள்ளையின் போத்தலுக்கு வந்துசேரும் நாடு இது. ஆதலினால், நம் நாட்டிலே மண்ணை அறிவது விளைச்சலுக்காக மாத்திரமன்று, உயிருக்காகவுமே.

அப்படியென்றால் இரசாயனப் பசளையை நாளையே கைவிடவேண்டுமா? 2021 ஆம் ஆண்டிலே அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை நீக்கப்பட்டதும் நாம் அனைவரும் கண்டது. மண்ணின் வளம் ஓர் ஆணையினாலே ஒரு போகத்துக்குள் உண்டாவதன்று. ஆண்டுதோறும் குழையும் எருவும் இட்டு மண்ணை வளர்த்து, பரிசோதனை காட்டும் அளவுக்கு மாத்திரம் பசளையைப் பங்கிட்டு இட்டு, படிப்படியாகக் குறைத்துச் செல்வதே அறிவுடையோர் வழி.

இறுதியாக ஒன்று. போரினாலே பல ஆண்டுகள் பிரிந்திருந்து தம் காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல நம்மிடையே உள. அவர்களுடைய வளவுகளிலே பழைய மரங்கள் இல்லை. எது எங்கே நன்றாக விளைந்தது என்று சொல்லிக் கொடுத்த முதியோரும் பலர் இல்லை. ஒரு வளவின் மண்ணைப் பற்றிய அறிவு வீட்டிலேயே தகப்பனிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறி வந்தது. அச்சங்கிலி பல வீடுகளிலே அறுந்துவிட்டது. அதனை மீண்டும் பொருத்த மண்வெட்டியும் ஒரு கொப்பியும் போதும். எந்த மூலையிலே எத்தனை அடியிற் கல் வந்தது, எங்கே நீர் தேங்கியது, எந்தக் கன்று எந்த ஆண்டு வைக்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பி காணி உறுதியோடு சேர்த்து வைக்கத்தக்க முதுசமாகும்.

மாரி தொடங்குமுன்னே இன்னும் சில நாள்கள் உள. கன்று வாங்கச் சந்தைக்குப் போகுமுன்னர், வளவிலே இறங்கி ஒரு குழி வெட்டிப் பாருங்கள்.